ஆரணிக்குப் போகவிருந்த ஆஸ்பத்திரி

1

சாம்பியாவில் எங்கள் வேலை அனுமதிச் சீட்டை ஏழாவது முறையாகப் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காலை மூன்று வரிசைகளில் நின்றோம். முதல் வரிசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இரண்டாவது வரிசையில் அது பழைய படிவம் என்றார்கள். மூன்றாவதில் பழைய படிவமே போதும் என்று முத்திரை குத்தினார்கள். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார், இதற்கெல்லாம் முகம் சிவந்துபோவார். நானோ காஞ்சிபுரத்தில் சர்க்கார் நர்ஸாக இருந்தவள். அந்த வரிசையில் நிற்கையில் ஊருக்கே போய்விட்டு வந்த மாதிரி எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

முத்திரை வாங்கிக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போனேன். செப்புச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்குள் இருக்கும் சின்ன கிளினிக் அது. புதன்கிழமைதோறும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை நிறுத்துப் பார்த்து, ஊசி போட்டு, பால்பவுடர் கொடுத்து அனுப்புவோம். எனக்குத் தெரிந்த பெம்பா மொழி அரைப்படி. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என்னையறியாமல் ஒரு 'மா' சேர்த்துவிடுகிறேன். தாய்மார்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அவர்களும் எனக்குப் பதில் சொல்லும்போது ஒரு 'மா' போடுகிறார்கள்.

அன்று தலைமை நர்ஸ் ப்வால்யா அம்மாள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். குடியிருப்பில் இரண்டு வரிசை வீடுகள். ஒன்றில் வடக்கேயிருந்து வந்த பெம்பாக்காரர்கள், மற்றதில் கிழக்கேயிருந்து வந்த நியாஞ்சா பேசுகிறவர்கள். கிளினிக் இருப்பது வடக்கத்திக்காரர் வரிசையில். "அது அவர்கள் கிளினிக்" என்று கிழக்கத்தித் தாய்மார் யாரும் வருவதில்லை. வருகை குறைவாக இருக்கிறது, கொடுத்த கெடுவுக்குள் கூடாவிட்டால் வாரத்துக்கு ஒருநாள் என்பதை மாதத்துக்கு ஒருநாள் ஆக்கப்போவதாக மேலிடத்திலிருந்து காகிதம் வந்துவிட்டது.

உங்கள் ஊரில் எல்லாரும் ஒரே ஜனம்தானே, இந்தத் தொல்லையெல்லாம் உனக்குத் தெரிந்திருக்காது என்றார் ப்வால்யா அம்மாள். நான் சிரித்த சிரிப்பில் தராசில் கிடந்த குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. குழந்தையைச் சமாதானப்படுத்திவிட்டு அவருக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். அவருக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். உங்களுக்கு ஒழுங்காகச் சொல்ல முடியும்.

2

எனக்குக் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டுப் பக்கம். அப்பா ஏர் பிடித்தவர், அடுத்தவர் நிலத்தில். பாதிரியார் புண்ணியத்தில் நான் நர்ஸ் படிப்பு முடித்தேன். அறுபதுகளின் நடுவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை சின்ன காஞ்சிபுரத்தில் புதிதாகத் திறந்த தாய் சேய் நல நிலையம்.

அந்த நிலையம் வந்த கதையே தமாஷானது. அங்கே அடுத்தடுத்து இரண்டு நெசவுத் தெருக்கள். மேலண்டைத் தெருவில் தமிழ் பேசுகிறவர்கள், கீழண்டைத் தெருவில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். இரண்டு தெருவும் ஒரே சாமியைக் கும்பிடும், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும், மற்ற எல்லாவற்றுக்கும் சண்டை பிடிக்கும். பிரசவ ஆஸ்பத்திரி வேண்டும் என்று இரண்டு தெருவும் தனித்தனியே மனுப் போட்டிருந்தன. இரண்டு மனுவிலும் 'எங்கள் தெருவில்' என்றுதான் எழுதியிருந்தது. நகராட்சிக்காரர்கள் யாரையும் பகைத்துக்கொள்ளாமல், மேலண்டைத் தெருவில் வாசலும் கீழண்டைத் தெருவில் புழக்கடைக் கதவும் உள்ள ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். பெயர்ப் பலகையை எந்தப் பக்கம் மாட்டுவது என்று பத்து நாள் வழக்கு நடந்தது. கடைசியில் அதை யாருக்கும் தெரியாத பக்கச் சுவரில் மாட்டினோம்.

நர்ஸ் வந்தால் பெண்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்று நர்ஸ் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்தத் தெருக்களிலோ யாருக்கும் நேரமே இல்லை. விடிந்தால் சேலையின் நெடுக்கு இழைகளான பாவைத் தெரு நீளத்துக்கு விரித்துவிடுவார்கள். அந்தப் பட்டு நூலுக்குக் கஞ்சி தடவி, அது காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்துச் சுருட்டியாக வேண்டும். வீட்டு ஆண் பெண் அத்தனை பேரும் அதில் நிற்பார்கள். அது முடிந்தால் குறுக்கு நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுவது, தறிக்குக் கை கொடுப்பது. வயிற்றில் எட்டு மாதமானவள்கூட உட்கார்ந்த இடத்தில் ராட்டை சுற்றிக்கொண்டிருப்பாள். பரிசோதனைக்கு வாங்க என்று கூப்பிட்டால் என்னைப் பைத்தியக்காரி மாதிரி பார்ப்பார்கள்.

3

யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். நெசவாளருக்கு மாதத்தில் ஒருநாள்தான் ஓய்வு, அமாவாசை. அன்று தறி ஓடாது. நல்ல நாள்தானா என்று மேலண்டைத் தெருவில் சங்கத்துத் தலைவரைப் போல் இருந்த முருகேச முதலியாரிடம் கேட்டேன். நிறைஞ்ச நாள், எதையும் ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார். அமாவாசைதோறும் தாய்மார் பதிவு, குழந்தைகள் பரிசோதனை என்று மேலே எழுதிப் போட்டேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். மேலதிகாரியும் ஒப்புதல் கொடுத்து, நோட்டீஸ் அச்சடித்து அனுப்பிவிட்டார்.

முதல் அமாவாசையில் மேலண்டைத் தெருவிலிருந்து பதினேழு பேர் வந்தார்கள். கீழண்டைத் தெருவிலிருந்து ஒரு குஞ்சும் வரவில்லை. புழக்கடைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் அமாவாசையிலும் அப்படித்தான்.

எனக்குக் காரணம் தெரியும் என்று நினைத்தேன். சேரிப் பொண்ணு தொட்டு வைத்தியம் பார்ப்பதை அவர்கள் விரும்பவில்லை. மேலண்டைத் தெருவிலேயே எனக்குத் தனி டம்ளரில்தான் தண்ணீர் கொடுத்தார்கள், இவர்கள் அந்தத் தண்ணீரும் தரமாட்டார்கள் போலிருக்கிறது என்று பொருமினேன். அழுகை வந்தது. அழுதுவிட்டு, கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு, ரோஷம் மூக்கின் நுனியில் இருக்கும்.

கீழண்டைத் தெருவில் வெங்கட்டம்மா என்று ஒரு அம்மாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். தெருவில் அவர் பேச்சை மீறி யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். வாசலில் நின்றபடியே ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டேன். அவர் ராட்டையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சிஸ்டரம்மா, அமாவாசையில எவளாச்சும் பச்சக் கொயந்தையத் தூக்கிக்கினு வெளிய வருவாளா? எங்க ஜனத்துல அன்னிக்கு ஒரு நல்ல காரியம் செய்யமாட்டோம். நீ அந்தத் தெருக்காரங்களக் கேட்டு நாள் வச்சிக்கினு, எங்கள வாணாம்னுதான செஞ்ச?"

 பக்கத்துத் தெருவுக்கு நிறைந்த நாளாக இருப்பது இந்தத் தெருவுக்கு ஆகாத நாள். பிறந்து வளர்ந்த ஊரில் எனக்கு இது தெரியவில்லை. அப்படியானால் என்னைப் பார்த்து ஒதுங்கவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

"அதுவும் ரெண்டு பேருக்கு இருக்குது. இல்லன்னு பொய் சொல்லமாட்டேன்" என்றார் வெங்கட்டம்மா.

அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

4

அமாவாசை நாளை மாற்றக் கேட்டு மேலே எழுதினேன். ஒப்புதல் கொடுத்து அச்சிட்ட நாளை மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. வருகை ஏன் குறைவு என்று விளக்கமும் கேட்டிருந்தது. நாளை மாற்றாததால் வருகை குறைவு என்று எழுதினேன். அதற்குப் பதிலாக அதிகாரியே ஜீப்பில் வந்து இறங்கினார். பதிவேட்டைப் புரட்டினார். தேவையில்லாத ஊரில் நர்ஸ் எதற்கு, இரண்டு மாதத்தில் அறுபது பெயர் சேராவிட்டால் இந்த நிலையத்தை வேறு ஊருக்கு மாற்ற எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

குடத்தை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனேன். இரண்டு தெருப் பெண்களும் வரிசையில் இருந்தார்கள். ஜீப்பை எல்லாரும் பார்த்திருந்தார்கள். என்ன சேதி என்று கேட்டார்கள், சொன்னேன். பாவம் என்று இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். மற்றவர்கள் குடத்தை நகர்த்துவதில் கவனமாக இருந்தார்கள்.  அந்த மாதத்தில்தான் வீட்டில் நடந்த பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ஜன்னி கண்டு, வண்டி கட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தோம். பிழைத்தது பெரும்பாடு.

எந்த ஊருக்குப் போகுது என்று வெங்கட்டம்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

"ஆரணிக்கு" என்றேன்.

அந்தப் பெயர் ஏன் என் வாயில் வந்தது என்று கர்த்தருக்குத்தான் தெரியும். அதிகாரி ஆரணியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் ஆரணியிலும் பட்டு நெய்கிறார்கள். வியாபாரிகள் விலையைக் குறைக்க வேண்டுமென்றால் காஞ்சிபுரத்து நெசவாளி முகத்துக்கு நேரே, ஆரணியில் இதே சேலை இன்ன விலைக்குக் கிடைக்கிறது என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு ஊரே காது புளித்துப்போயிருந்தது.

 வெங்கட்டம்மா இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தார்.

"நம்மூரு ஆஸ்பத்திரி ஆரணிக்குப் போவுதா? அதையும் பாத்துடலாம்."

நம்மூரு என்ற சொல்லை அந்தக் குழாயடியில் அன்றுதான் முதலில் கேட்டேன். அதுவரை எங்க தெரு, உங்க தெருதான்.

மறுநாள் இரண்டு தெரு ஆண்களும் முருகேச முதலியார் வீட்டில் கூடினார்கள். ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதித்துப் பல வருஷமாயிருந்தது. அச்சடித்த நாளை மாற்ற முடியாது, ஆனால் இன்னொரு நாளைச் சேர்த்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை என்று நகராட்சிக் குமாஸ்தா ஒருவர் சட்டத்தில் சந்து கண்டுபிடித்துக் கொடுத்தார். மூன்றாம் பிறை எல்லாருக்கும் நல்ல நாள். ஆனால் அன்று வேலை நாளாயிற்றே? அன்று நடுப்பகல்வரை இரண்டு தெருவிலும் யாரும் பாவு போடுவதில்லை என்று முடிவாயிற்று. அரை நாள் வேலையை விடுவதென்றால் அவர்களுக்குச் சின்ன விஷயமில்லை. ஒரே மனுவாக எழுதினார்கள். கீழே, 'இப்படிக்கு, காஞ்சிபுரம் நகரத்துத் தாய்மார்கள்' என்று போட்டார்கள். எந்தத் தெரு என்றே எழுதவில்லை.

அப்புறம் நடந்ததைப் பார்க்கக் கண் போதாது. மேலண்டைத் தெரு இரண்டு பெஞ்சு போட்டால் கீழண்டைத் தெரு வீட்டுக்கே வெள்ளையடித்தது. இவர்கள் தொட்டில் கொடுத்தார்கள் என்றால் அவர்கள் வெந்நீர் அண்டா கொண்டுவந்து இறக்கினார்கள். எனக்குத் தனி டம்ளர் போன இடம் தெரியவில்லை. வெளியூர்க்காரர் யாரிடமோ வெங்கட்டம்மா என்னைக் காட்டி, நம்மூரு சிஸ்டர் என்று சொன்னது என் காதில் விழுந்தது. படித்துப் பட்டம் வாங்கியும் நுழைய முடியாத ஊருக்குள் நான் ஒரு பொய்யைச் சொல்லி நுழைந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

5

ஐம்பத்தொன்பது பெயர் சேர்ந்தாயிற்று. கெடுவுக்கு நான்கு நாள் இருந்தது. ஒரு பெயர்தானே, அதுவாக வரும் என்று தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். வெங்கட்டம்மா வீட்டு உள்ளே அவர் மருமகள் சரோஜா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். எட்டு மாத வயிறு. பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்த வெங்கட்டம்மாவின் வீட்டிலேயே இப்படியா என்று உள்ளே போய்க் கேட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நான் ஆரணிப் பொண்ணு சிஸ்டர். குழாயாண்ட தெனிக்கும் சொல்லிச் சிரிக்கிறாங்க, உங்க ஊருக்காரங்க எங்க ஆஸ்பத்திரியத் தூக்கிக்கினு போவப் பாத்தாங்கன்னு. என் பேர எழுதினா அந்தக் கணக்குல சேருமா?"

என்னை யாரோ அறைந்தது போல் இருந்தது. ஊர் என்று ஒன்றைக் கூட்டுவதற்கு நான் வாய்க்கு வந்த ஊரை வெளியே தள்ளினேன். தள்ளிய ஊரிலிருந்து ஒருத்தி இங்கேயே, நாலு வீடு தள்ளி, பிள்ளையைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. யார் நம்மைத் தொடமாட்டார்கள், யார் வாசலில் நிறுத்துவார்கள் என்று வாழ்க்கை முழுவதும் பார்த்து வளர்ந்த நானே இதைச் செய்திருக்கிறேன்.

கொல்லையில் இருந்த வெங்கட்டம்மாவிடம் போய், சரோஜா சொன்னதைச் சொல்லி, ஆரணி என்று அதிகாரி சொல்லவே இல்லை, நான்தான் இட்டுக்கட்டினேன் என்று சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றார் அவர், துணியைப் பிழிந்துகொண்டே. "ஆரணி வட ஆற்காடு ஜில்லா, நம்மளுது செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஜில்லாவுக்கு இவன் எப்பிடித் தூக்கிக் குடுப்பான்? எங்க வூட்டுக்காரரு ராத்திரியே சொல்லிட்டாரு. நான்தான் வாய மூடிக்கினு இருன்னேன்."

தெரிந்துமா சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன்.  அவர் உள்ளே சரோஜா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது.

துணியைப் போட்டுவிட்டு உள்ளே போய் மருமகளை எழுப்பினார். கையைப் பிடித்துத் தெரு நடுவில், எல்லார் கண்ணிலும் படும்படி நடத்திக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். புழக்கடைக் கதவு பக்கத்தில்தான் இருந்தது. இருந்தும் சுற்றிக்கொண்டு மேலண்டைத் தெரு வாசல் வழியாக வந்தார்.

"எழுதுமா. பேரு சரோஜா. பொறந்த ஊரு ஆரணி. நல்லாப் பெருசா எழுது" என்றார்.

அறுபதாவது பெயர் அது.

6

அந்த நிலையத்தில் பிறந்த முதல் குழந்தையும் சரோஜாவுடையதுதான். பெண் குழந்தை. கெடுவுக்குள் அறுபது சேர்ந்தது என்று நான் எழுதி ஒரு மாதம் கழித்து, குழந்தை பிறந்த மூன்றாம் நாள்தான் அதிகாரி ஜீப்பில் வந்தார். பதிவேட்டில் அறுபது பெயரையும் எண்ணினார். பிரசவப் பக்கத்தைத் திருப்பினார். தாயின் சொந்த ஊர் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் ஆரணி என்று இருந்தது.

ஆரணியிலிருந்தெல்லாம் இங்கே வருகிறார்களா என்று என்னைக் கேட்டார். முதல் பிரசவத்துக்கு ஆரணிப் பெண்தான் வந்தாள் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. வேறு ஜில்லாவிலிருந்தே ஜனங்கள் தேடி வரும் நிலையம் என்று மேலிடத்துக்கு எழுதினார். நிலையம் நிரந்தரமாயிற்று. எனக்குத் துணையாக ஒரு ஆயாவும் வந்தாள். நான் கல்யாணமாகி, கணவருக்கு இங்கே வேலை கிடைத்துக் கப்பல் ஏறும்வரை அந்த நிலையத்தில்தான் இருந்தேன்.

ப்வால்யா அம்மாளிடம் இவ்வளவும் சொல்லி முடித்தபோது கிளினிக் மூடும் நேரமாகிவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் பெண் பியூலா பள்ளிக்கூடப் பையோடு ஓடிவந்தாள். பதினோரு வயது. பக்கத்துச் சுரங்க ஊரோடு நடந்த பந்தாட்டம் பார்த்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"அம்மா, நாம ஜெயிச்சிட்டோம்" என்றாள்.

அவள் தமிழில் பேசுவதே அபூர்வம். பேசும்போதும் 'நாம' என்றால் இந்தச் சுரங்க ஊர்தான் அவளுக்கு. காஞ்சிபுரம் அம்மாவின் ஊர், அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷமே சிரிப்பும் வந்துவிட்டது. நான் எத்தனை பாடுபட்டு இருபத்திரண்டு வயசில் நுழைந்தேன், இவள் பந்தாட்டம் பார்க்கப் போய்ச் சுலபமாக நுழைந்துவிட்டாள்.

மைதானத்தில் கிழக்கத்தி வரிசைக்காரர்களும் கத்தினார்களா என்று ப்வால்யா அம்மாள் அவளைக் கேட்டார். எல்லாரையும்விட அவர்கள்தான் அதிகம் கத்தினார்கள் என்றாள். நான் ப்வால்யா அம்மாளைப் பார்த்தேன். கிளினிக் அந்தப் பக்கத்து ஊருக்குப் போகப்போகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த புதன்கிழமை இடம் கொள்ளாது என்றேன்.

 அவர் தராசைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்.

"அந்த ஆரணிக்குக் கடைசியில் ஆஸ்பத்திரி கிடைத்ததா?"

எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், எல்லாரும் சிரித்திருக்கிறார்கள், யாரும் இதைக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. சரோஜாவுக்கு ஆரணியில் ஒரு தங்கை இருந்தாள், அவளுக்கு அங்கே பிரசவம் பார்த்தது யார் என்றுகூடக் கேட்டதில்லை. தெரியாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ப்வால்யா அம்மாள் பக்கத்து ஊர் பேச்சையே எடுக்கவில்லை. நாளைக்கு நாமே கிழக்கத்தி வரிசைக்குப் போய், அவர்களுக்கு எந்த நாள், எந்த இடம் தோது என்று கேட்போம், அவர்களுக்குப் புரியும்படி பேச ஒருத்தியையும் கூட்டிக்கொள்வோம் என்றார். போனோம். முதல் வாரம் அங்கேயிருந்து நான்கு பேர் வந்தார்கள். நேற்று பதினொன்று. மெதுவாகத்தான் போகிறது. மேலிடத்துக் கெடு அடுத்த மாதக் கடைசியில். அதற்குள் சேருமா என்று சொல்ல முடியாது. நான் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இதை ஆரணிக்காரர் யாராவது படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த வருஷங்களில் உங்கள் தெருப் பெண்களுக்கு வலி கண்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்?